சொல்லால் அமைந்த விளையாட்டுலகு
(இணைய விளையாட்டின் தோற்றமும் பரவலும் பற்றிய ஓர் ஆய்வு)

இணைய விளையாட்டு என்றவுடன் இன்று பலர் உள்ளத்தும் தோன்றுவன வண்ணக் காட்சிகளே. ஆயின் அதன் மூலத்தை நாடிச் செல்வார்க்கு எதிர்ப்படுவது காட்சியன்று, சொல்லே. இலக்கியம் பயில்வோராகிய நாம் இவ்வரலாற்றை ஆராயப் புகுதற்கு இதுவே போதிய காரணமாகும். அச்சொல்லுலகு எங்ஙனம் தோன்றிற்று, எவ்வழிப் பரவிற்று, அதன் பின்வந்தவற்றுள் நிலைபெற்றவை எவை, மறைந்தவை எவை என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1. தோற்றம்

கணிப்பொறி வழியே பலர் ஒருங்கு ஆடும் வழக்கம் அமெரிக்க நாட்டு இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்தில் முன்னரே இருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ என்னும் கல்விக் கணிப்பொறி அமைப்பில் ‘எம்பயர்’ என்னும் போர் விளையாட்டு 1973-இல் உருவாயிற்று. எனினும், பிற்கால விளையாட்டுலகுகள் பலவற்றிற்கு முன்னோர் எனத்தக்கது, 1978-இல் இங்கிலாந்தின் எசெக்சுப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ராய் டிரப்ஷா தொடங்கிய ‘மட்’ என்பதே. பலர் ஒருங்கு புகும் நிலவறை என்பது அப்பெயரின் பொருள். டிரப்ஷாவிற்குப் பின் ரிச்சர்டு பார்ட்டில் அதனை விரித்து நிறைவு செய்தார்.

அவ்வுலகில் ஓவியம் இல்லை. ஆடுவோர் நிற்கும் இடத்தைச் சில தொடர்கள் வருணிக்கும். அவர் தம் செயலைச் சொல்லாகவே எழுதுவர். தேடி எடுத்த செல்வத்தைச் சதுப்பு நிலத்தில் இட்டுப் புள்ளிகள் ஈட்டி, இறுதியில் மந்திரவாதியாக உயர்தல் ஆட்டத்தின் குறிக்கோள். பல்கலைக்கழகப் பணி ஓய்ந்த இரவு வேளைகளில் வெளியாரும் தொலைபேசி வழியே புகுந்து ஆடினர்.

2. பரவல்

1987-இல் வேல்சு நாட்டு அபெரிஸ்ட்வித்தில் ‘அபெர்மட்’ எழுந்தது. 1989-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்சு ஆசுப்னசு இயற்றிய ‘டைனிமட்’, புதிய இடங்களைப் படைக்கும் உரிமையை ஆடுவோர்க்கே அளித்தது. 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் ‘டிக்குமட்’டின் மூல நிரலை வெளியிட்டனர். எவரும் அதனைப் படியெடுக்கலாம், திருத்தலாம்; பொருளீட்டுதல் மட்டும் கூடாது என்பது அவர் விதித்த நெறி. அதன் பயனாக ஒரு மூலத்தினின்று பற்பல வடிவங்கள் கிளைத்தன. ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியில் பழகிய நமக்கு இது புதிதன்று. படியெடுப்போர் கைபட்ட நூலில் பாடவேறுபாடு மிகும். ஆயின் நூல் வாழும்.

3. வணிகமும் காட்சியும்

1996-இல் ‘மெரிடியன் 59’, 1997-இல் ‘அல்டிமா ஆன்லைன்’, 1999-இல் ‘எவர்குவெஸ்ட்’ எனக் காட்சியுடன் கூடிய கட்டண உலகுகள் தொடர்ந்து வந்தன. எவர்குவெஸ்ட் ஆட்டமுறையால் டிக்குமட்டைப் பெரிதும் ஒத்திருந்தது. அதனால் ஐயம் எழவே, அதன் நிரலைத் தாம் எடுத்தாளவில்லை என்று எவர்குவெஸ்டை இயற்றியோர் 2000-இல் உறுதிமொழி அளித்தனர். நிரலைக் கொள்ளாதுவிடினும் நெறியைக் கொண்டனர் என்பது வெளிப்படை. 2004-இல் வெளிவந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ 2010-இல் 1 கோடியே 20 இலட்சம் சந்தாதாரரை எய்திற்று. ஆடுவோர் தொகை பெருகப் பெருக, அவ்வுலகுகளின் உரிமை நிறுவனங்களின் கையில் குவிந்தது.

4. நிலைபேறும் மறைவும்

இவ்வுரிமைக் குவிவின் விளைவு ‘தி குரூ’ என்னும் வாகனப் பந்தய விளையாட்டால் புலனாயிற்று. 2014-இல் வெளிவந்த அதன் வழங்கிகளை யூபிசாப்ட் நிறுவனம் 2024 மார்ச்சு 31-இல் நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியோரும் அதன்பின் தனித்துக்கூட ஆட இயலவில்லை. இத்தகைய அழிவைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுந்த குடிமக்கள் முறையீட்டில் 2025-இல் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

நிரலைக் காத்தால் விளையாட்டைக் காத்ததாகுமோ எனின், முழுதும் ஆகாது. லூக்காசுபிலிம் நிறுவனம் 1986-இல் சோதனைக்கு விட்ட ‘ஹாபிடாட்’ காட்சியுலகின் மூல நிரல் 2016-இல் வெளியிடப்பெற்றது. அவ்வுலகும் மீண்டும் இயங்கலாயிற்று. ஆயினும் வீதிகள் மீண்டன எனலாமேயன்றி, அன்று அவ்வீதிகளில் உலவியோரின் நட்பும் பூசலும் மீண்டன எனல் இயலாது. அவை ஆடினோர் எழுதி வைத்த குறிப்புகளிலும் நினைவிலுமே எஞ்சும். ஆதலின் நிரலோடு அக்குறிப்புகளையும் திரட்டுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இது: பல்கலைக்கழகங்களில் பிறந்து, பலராலும் படியெடுக்கப்பெற்ற எளிய சொல்லுலகுகளின் வழிமரபு இன்றும் அறாது வருகின்றது. பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய காட்சியுலகோ, உரிமையாளர் ஒருவர் வழங்கியை நிறுத்திய நாளிலேயே இல்லையாகக் கூடும். ஒரு படைப்பின் வாழ்நாளை அளப்பது அதன் பொலிவன்று; அதனைப் படியெடுக்கும் உரிமை எத்துணைப் பேர்க்கு உண்டு என்பதே. விளையாட்டும் பண்பாட்டின் கூறே என ஒப்புவோமாயின், அதனைக் காக்கும் கடமை நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. அவ்வுலகு முதற்கண் கண்விழித்த இடம் பல்கலைக்கழகமே என்பதை நாம் மறத்தல் ஆகாது.