புகையின் பெயர் கொண்ட நோய்

சலசல, கலகல, குபுகுபு போன்ற சொற்களை நம் இலக்கணம் இரட்டைக்கிளவி என்று வகுத்து வைத்திருக்கிறது. வகுப்பில் இதனை நடத்தும்போது, இத்தகைய சொற்கள் பிற மொழிகளிலும் உண்டா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உண்டு, ஜப்பானிய மொழியில் ஏராளமாக உண்டு. அவற்றுள் ஒன்று மருத்துவ நூல்களுக்குள் புகுந்து, அரியதொரு மூளை நோயின் பெயராகவே நிலைத்துவிட்டது. அச்சொல் 'மோயாமோயா'. மெல்லிய புகைபோல மங்கலாகப் படர்ந்திருப்பதை அது குறிக்கும். தனித்து நிற்கும் 'மோயா'வுக்கும் மூடுபனி என்ற பொருள் உண்டாதலால், நம் இலக்கணப்படி இதனை இரட்டைக்கிளவி என்று கொள்ள இயலாது. எனினும் செவிக்கு அதன் உறவாகவே ஒலிக்கிறது. ஒரு நோய்க்குப் புகையின் பெயர் வந்த வரலாற்றையும், அப்பெயர் உண்மையில் எதனைச் சுட்டுகிறது என்பதையும் இங்கே காண முயல்வோம்.

மூளைக்குக் குருதி செல்லும் வழிகள் நான்கு. கழுத்தின் முன்புறம் ஏறும் உட்கழுத்துத் தமனிகள் இரண்டும், முதுகெலும்பை ஒட்டி ஏறும் தமனிகள் இரண்டும் மூளையின் அடித்தளத்தில் ஒரு வளையமாகக் கூடுகின்றன. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலில் இவ்வளையத்தை விளக்கினார். அந்நூலுக்குப் படம் வரைந்தவர் கிறிஸ்டோபர் ரென்; பின்னாளில் லண்டன் புனித பவுல் பேராலயத்தை வடிவமைத்தவரும் அவரே. ஒரு வழி அடைபட்டாலும் மறுவழியாகக் குருதி சுற்றிவர இவ்வளையம் இடந்தருகிறது. ஆயின் வில்லிஸ் ஆராய்ந்தது இறந்தோரின் மூளையை. உயிருள்ளவரின் மூளைக் குழாய்களைக் கண்ணால் காண 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில்தான் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தைத் தமனிக்குள் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் முறையைக் கொணர்ந்தார். அந்தப் படம் இல்லையேல் நம் நோய்க்குப் பெயரே வாய்த்திராது.

1957இல் ஜப்பானிய மருத்துவர்கள் டகேயுச்சியும் ஷிமிசுவும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். அவருடைய உட்கழுத்துத் தமனிகள் இருபுறமும் குறுகியிருந்தன. அவை சரிவர வளராது போனவை என்று அவர்கள் கருதினர். அடுத்த பத்தாண்டுகளில் அத்தகைய படங்கள் ஜப்பானெங்கும் சேர்ந்தன. ஆளுக்கொரு பெயரும் எழுந்தது. 1968இல் குடோ என்பவர், வில்லிஸ் வளையம் தானே அடைபடும் நோய் என்றும், அது ஜப்பானியருக்கே உரியதாகத் தோன்றுகிறது என்றும் எழுதினார். அவ்வெண்ணம் நெடுநாள் நிற்கவில்லை. கொரியாவிலும் சீனாவிலும், பின்னர் ஏனைய நாடுகளிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டனர்.

1969இல் செண்டாய் நகரத்துத் தோஹோகு பல்கலைக்கழகத்தின் ஜிரோ சுசுகியும் அகிரா தகாகுவும் அமெரிக்க நரம்பியல் இதழொன்றில் எழுதிய கட்டுரையே பெயரை நிலைநாட்டியது. அடைபட்ட தமனியின் அருகே, மூளையின் அடித்தளத்தில், நூலினும் மெல்லிய குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடந்தன. ஆஞ்சியோகிராமில் அது ஒருவர் ஊதிவிட்ட சிகரெட் புகை காற்றில் தங்கி நிற்பதுபோலத் தெரிந்தது. கிரேக்கத்திலோ இலத்தீனிலோ ஒரு பெயரைத் தேடாமல், வீட்டில் வழங்கும் தாய்மொழிச் சொல்லையே அவர்கள் சூட்டினர்.

பெயரினும் பெரிய பணியொன்று அக்கட்டுரையில் உண்டு. அவர்கள் நோயின் போக்கை ஆறு நிலைகளாக வகுத்துக் காட்டினர். முதலில் தமனி குறுகுகிறது. அடுத்துப் புகை தோன்றுகிறது. மூன்றாம் நிலையில் அடர்கிறது. பின்னர்ப் படிப்படியாகக் குறைகிறது. ஆறாம் நிலையில் புகையே இல்லை. அப்போது மூளையின் முன்பகுதிக்குக் குருதி வருவது, மண்டையோட்டுக்கு வெளியேயும் மூளையுறையிலும் ஓடும் குழாய்களிலிருந்து. ஆகவே இது பிறவியில் நின்றுபோன குறையன்று, காலத்தோடு நகரும் நோய் என்பது தெளிவாயிற்று. புகை என்பது நோயுமன்று. பெருவழி அடைபட்டபோது உடல் தானாகத் திறந்துகொள்ளும் ஒற்றையடிப் பாதைகளே அவை. நாம் நோயின் பெயராகச் சொல்வது, உடல் செய்துகொள்ளும் வைத்தியத்தின் பெயரை.

அந்த வைத்தியம் போதுமானதன்று என்பதே துயரம். குழந்தைகளுக்குக் குருதி போதாமல் கைகால் திடீரெனத் துவளும், பேச்சு தடைப்படும், சிறிது நேரத்தில் மீளும், சில வேளை மீளாமல் பக்கவாதமாகும். பெரியவர்களில் அம்மெல்லிய குழாய்கள் வெடித்து மூளைக்குள் குருதி கசிவதும் உண்டு. சூடான நூடுல்ஸை ஊதி ஊதி உண்ணும்போதும், ஊதுகருவி வாசிக்கும்போதும், தேம்பி அழும்போதும் குழந்தைகள் துவள்வதை ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்தனர். மூச்சை விரைந்து விடும்போது குருதியில் கரியமிலவாயு குறைகிறது. மூளைக் குழாய்கள் சுருங்குகின்றன. ஏற்கெனவே வறண்ட பகுதி மேலும் வறள்கிறது. அழுத பிள்ளை துவண்டு விழுந்தால் பிடிவாதம் என்று கடிந்துகொள்ளும் வீடுகள் எந்த நாட்டிலும் உண்டு. அறிவு வந்து சேராத இடத்தில் நோய் குணக்கேடாகிவிடுகிறது.

தமனி ஏன் குறுகுகிறது? முதியோருக்கு வருவதுபோல் கொழுப்புப் படிவதால் அன்று. தமனியின் உட்சுவரே தடித்துத் துளையை அடைக்கிறது. 2011இல் ஜப்பானிய ஆய்வுக் குழுக்கள் இரண்டு, பதினேழாம் குரோமோசோமில் உள்ள ஆர்என்எஃப்213 என்ற மரபணுவைச் சுட்டின. கிழக்காசிய நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் அதில் ஒரே மாற்றம் காணப்படுகிறது. ஆனால் அம்மாற்றத்தைச் சுமப்பவருள் மிகப் பெரும்பாலோர்க்கு நோய் வருவதில்லை. விதை மட்டும் போதாது, வேறேதோ சேர வேண்டும் என்பதே இன்றைய அறிவின் எல்லை.

குறுகிய தமனியை மீண்டும் விரிக்க மருந்து இல்லை. எனவே அறுவை மருத்துவர்கள் வேறு வழி தேடினர். 1960இல் அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் ஜேக்கப்சனும் சுவாரெஸும் நுண்ணோக்கியின் கீழ்ச் சிறு குழாய்களைத் தைத்துக் காட்டினர். அவ்வூரில் பயின்ற யாசர்கில், 1967 அக்டோபரில் சூரிச் நகரில், காதின் முன்னே நெற்றிப்பொட்டில் துடிக்கும் தமனியை மண்டையோட்டினுள் கொணர்ந்து மூளைத் தமனியோடு இணைத்தார். குழாய்களின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். தைக்கும் நூலோ தலைமயிரினும் மெல்லியது. 1972இல் மோயாமோயா கண்ட ஒரு குழந்தைக்கும் அவர் இதனைச் செய்தார்.

1985இல் இச்சிகிச்சைக்கு ஓர் அடி விழுந்தது. 1377 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டுச் சோதனை, கொழுப்புப் படிவால் அடைபட்ட தமனிகளுக்கு இவ்வறுவை பக்கவாதத்தைத் தடுக்கவில்லை என்று காட்டியது. உலகெங்கும் அறுவைகள் குறைந்தன. ஆயினும் அச்சோதனை மோயாமோயாவைப் பற்றியதன்று. ஒரு நோய்க்குப் பொருந்திய தீர்ப்பை வேறொரு நோயின்மேல் ஏற்றாத நிதானம் ஜப்பானில் இருந்தது. 2014இல் அங்கு வெளியான ஆய்வு, ஒருமுறை குருதி கசிந்த பெரியவர்களில், மருந்தோடு நின்றவர்க்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 7.6 ஆக இருந்த மறுகசிவு, அறுவை செய்தவர்க்கு 2.7 ஆகக் குறைந்ததெனக் காட்டியது.

குழந்தைகளின் குழாய்களோ தைப்பதற்கும் சிறியவை. அங்கேதான் புகை வழிகாட்டியது. இந்நோயுற்ற மூளை குருதியைத் தேடிக் குழாய்களை ஈர்க்கிறது என்பதே ஆறாம் நிலை தரும் செய்தி. அவ்வாறாயின் அருகே ஓர் ஊற்றை வைத்துவிட்டால் போதாதா? 1977இல் கரசாவா, பொட்டுத் தசையை மூளையின்மேல் பரப்பும் முறையை எழுதினார். 1981இல் மட்சுஷிமா, தமனியை வெட்டாமல், ஓடும் நிலையிலேயே இடம்பெயர்த்து மூளையுறையின் விளிம்பில் தைத்துவைக்கும் முறையை வெளியிட்டார். எவரும் குழாயோடு குழாயை இணைப்பதில்லை. சில மாதங்களில் புதுக்குழாய்கள் தாமாகவே முளைத்து மூளைக்குள் இறங்குகின்றன. குருதி நேரே வந்து சேர்ந்தபின், அடித்தளத்துப் புகை மெல்ல மறைகிறது.

புகையைத் துடைக்க முயலாமல், அது எதற்காக எழுந்தது என்று கேட்டவர்களே வழி கண்டனர். நோய் இன்னும் குணமாகவில்லை. தமனி அடைபட்டபடியே இருக்கிறது. ஆனால் மூளை வறளாமல் காக்கும் வழி கிட்டியிருக்கிறது. ஜப்பானில் பல்லாண்டுகள் அலுவல் ஏடுகளில் வில்லிஸ் வளைய அடைப்பு என்றே எழுதிவந்தனர். பின்னர் மோயாமோயாவே அங்கும் ஏற்கப்பட்டது. அடைப்பின் பெயர் போய், வழி தேடும் முயற்சியின் பெயர் நிலைத்தது. அது பொருத்தமே என்று நமக்குத் தோன்றுகிறது.