கவிஞர் அறியாத நோக்கம்

ஒருவர் படைத்த நூலில் அவரே அறியாத நோக்கம் ஒன்று மறைந்திருக்க இயலுமா? இவ்வினாவை ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டனின் வரலாற்றோடு இணைத்து நாம் எண்ணிப் பார்ப்போம்.

1649 ஜனவரி 30 அன்று இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டுண்டு மாண்டார். கொடுங்கோலரைத் தண்டிப்பது முறையே என எழுதிய மில்டன், அவ்வாண்டே குடியரசின் அயல்மொழிச் செயலரானார். 1652 அளவில் அவர்தம் கண்ணொளி முற்றும் மறைந்தது. 1660இல் முடியாட்சி திரும்பியபோது அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன. அவரும் சிறிது காலம் சிறைப்பட்டார். இங்ஙனம் தோல்வியுற்றவராய், பார்வையற்றவராய், பிறர் எழுதத் தாம் சொல்லி முடித்த காவியமே 1667இல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்', அதாவது 'இழந்த சொர்க்கம்'.

இறைவனின் வழிகள் நீதியானவை என மாந்தர்க்கு உணர்த்துவதே தம் நோக்கமெனக் கவிஞர் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார். ஆயினும் படிப்போர் நெஞ்சை முதலில் கவர்வன சாத்தானின் வீரவுரைகளே. எனவேதான் 1790 அளவில் வில்லியம் பிளேக், மில்டன் தம்மையறியாமலே அலகையின் அணியைச் சேர்ந்துவிட்டார் எனத் துணிந்து எழுதினார். மண்ணரசரை எதிர்த்தவரின் உள்ளம் விண்ணரசரை எதிர்த்தவனின் குரலில் கலந்துவிட்டது எனக் கருதுவோரும் உளர்.

மறுப்பும் எழாமலில்லை. நம்முள் அடங்கிக் கிடக்கும் தீய உணர்வுகளை அவிழ்த்துவிட்டாலே தீயோனைப் படைத்துவிடலாம். நம்மினும் நல்லவனைப் படைப்பதே அரிது என்று 1942இல் சி. எஸ். லூயிஸ் விளக்கினார். 1967இல் ஸ்டான்லி ஃபிஷ், அக்கவர்ச்சி கவிஞர் அறிந்தே விரித்த வலை என்றார். அதில் சிக்கும் வாசகர் தம் வீழ்ச்சியைத் தாமே உணரவேண்டும் என்பது அவர் கருத்து. இதற்குக் காவியத்திலும் சான்றுண்டு. முதலில் பெருமிதத்தோடு நிற்கும் சாத்தான், பின்னர் ஏவாளின் செவியருகே தேரையெனக் குந்துகிறான். இறுதியில் பாம்பாகி ஊர்கிறான்.

ஆக, ஒரே கவர்ச்சியை ஒருவர் அறியாச் சாய்வு என்கிறார். மற்றவர் அறிந்த உத்தி என்கிறார். ஆசிரியரைக் கேட்கவும் வழியில்லை. மில்டன் மறைந்தது 1674இல். பிளேக் பிறந்ததோ 1757இல்.

இங்கே புனித தோமா அக்குவினா நமக்குத் துணைநிற்கிறார். நோக்கம் என்பது மனித சித்தத்தின் செயல். அறிவு காட்டிய குறிக்கோளை நாடிச் செல்வது என்பது அவர்தம் போதனை. அவ்வாறாயின், முற்றிலும் அறியாத ஒன்றை நோக்கமெனல் பொருந்தாது. ஆனால் ஆறாத காயமும் நிறைவேறாத ஏக்கமும் நாம் அழையாமலே நம் சொற்களில் ஏறிக்கொள்கின்றன. அவற்றைச் சாய்வு என்போம்.

இவ்வேறுபாடு இலக்கியத்தோடு நிற்பதன்று. பிறர் சொல்லில் ஒரு சாய்வைக் கண்டவுடன், "உன் உள்நோக்கம் இதுவே" என்று நாம் தீர்ப்பிடுகிறோம். சாய்வைச் சுட்டிக்காட்ட நமக்கு உரிமையுண்டு. நோக்கத்தைக் குற்றமாகச் சுமத்த உரிமையில்லை. நம் சாய்வைப் பிறர் சுட்டும்போதோ, உடனே மறுக்காமல், நம் சொற்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்போம்.