ஜே கே பி ஓ அரைப்புள்ளி

1990-களின் பின்பாதியில் லண்டனிலோ டொரன்டோவிலோ இருந்த தமிழருக்கு ஊரிலிருந்து ஒரு கோப்பு வந்தால், அதைத் திறந்ததும் படித்துவிட முடியாது. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் வால்போல ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். புதியவர்கள் வைரஸ் வந்துவிட்டது என்று பயந்தார்கள். பழகியவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும்: அனுப்பியவர் பாமினியில் அடித்திருக்கிறார், இந்தக் கணினியில் பாமினி இல்லை.

பாமினி ஓர் எழுத்துரு. ஈழத்தமிழரிடமும் புலம்பெயர்ந்தவர்களிடமும் மிகப் பரவலாக இருந்தது. அதன் சூத்திரம் எளியது. ஆங்கில ஜே-யின் இடத்தில் 'த' வடிவத்தை வரைந்து வைத்தார்கள், கே-யில் 'ம', பி-யில் இகரக் கொக்கி, ஓ-வில் 'ழ', அரைப்புள்ளியில் மெய்யெழுத்தின் மேற்புள்ளி. கணினி தன்னிடம் இருப்பது ஆங்கிலம் என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கும். கூத்தில் வேஷம் கட்டிய மாதிரிதான். எழுத்துரு என்ற ஒப்பனை இருக்கும்வரை தமிழ். அது கலைந்தால் ஜே கே பி ஓ.

இன்று யோசித்தால் ஏமாற்று வேலைபோலத் தோன்றும். ஆனால் அன்று வேறு வழி இருக்கவில்லை. கணினியும் அதன் இயங்குதளமும் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. தமிழுக்கென்று அவற்றில் யாரும் இடம் ஒதுக்கவில்லை. ஆகவே தமிழர்கள் ஆங்கிலத்தின் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் போனார்கள்.

முதலில் போனவர்கள் பலரும் கடல் கடந்து இருந்தவர்கள். 1980-களின் நடுவிலேயே கனடாவில் முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ் எழுதியை டாஸ் கணினிகளுக்காகச் செய்தார். மலேசியாவில் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் தன் கணினிகளில் பின்னர் சேர்த்த 'இணைமதி' எழுத்துரு அவர் வடித்ததுதான். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்றுநருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை வகுத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது, தமிழ்க் கவிதைகளும் தமிழ் எழுத்திலேயே ஏறின. வலையில் தமிழ் தெரிந்த முதல் சில பக்கங்களில் அவையும் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், ஒருவர் 'த'வை வைத்த இடத்தில் அடுத்தவர் 'ப'வை வைத்தார். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இணையத்துக்கு வந்தபோது குழப்பம் முற்றியது. எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று வகுக்கும் குறியேற்றம் தினமணிக்கு ஒன்று, தினத்தந்திக்கு ஒன்று, விகடனுக்கு ஒன்று. பக்கத்தின் மேலே 'எங்கள் ஃபான்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று ஓர் அறிவிப்பு இருக்கும். காலையில் மூன்று பத்திரிகை படிக்கிற பழக்கம் உள்ளவர் மூன்று எழுத்துருக்களை நிறுவ வேண்டும். அலுவலகக் கணினியிலோ நூலகக் கணினியிலோ அதற்கு அனுமதி கிடைக்காது. டிடிபி கடைகளில் இதன் இன்னொரு முகம். ஸ்ரீலிபி என்ற மென்பொருளில் அடித்த கல்யாணப் பத்திரிகையை வேறு கடையில் திருத்த முடியாது. ஒரு பெயர் மாற வேண்டும் என்றால் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடாமல் இருக்க இது வசதி என்று நினைத்த கடைக்காரர்களும் இருந்திருக்கலாம்.

இதற்குத் தீர்வு தேடி 1997-இல் சிங்கப்பூரில் 'தமிழ்நெட்' மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்தது, அன்றைய முதல்வர் கருணாநிதியின் அரசு நடத்தியது. அதிலிருந்து உருப்படியாக வந்த சொத்து தமிழ்99 விசைப்பலகை. அதில் 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. அடுத்தடுத்து இரண்டு 'ம' வந்தால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாகவே விழும். தமிழில் ஒரே உயிர்மெய் புள்ளியில்லாமல் இரட்டிப்பது அரிது என்பதைக் கவனித்துச் செய்த ஏற்பாடு. இலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்த விசைப்பலகை என்பதற்கு இது ஒன்றே சாட்சி. இன்றும் தமிழில் பெரும்பாலோர் ஆங்கில ஒலிப்பில் தட்டிக்கொண்டிருப்பது தமிழ்99-இன் குறை ஆகாது.

குறியேற்றத்தில்தான் ஒத்துப்போகவில்லை. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சலிலேயே மாதக்கணக்காக விவாதித்து 'திஸ்கி' என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். ஓர் எழுத்துருவில் இருந்த 256 இடங்களில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மறுபாதி தமிழுக்கு. ஒரே கோப்பில் இரு மொழியும் அடங்கும். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வழங்கியபோது இந்தத் திஸ்கியையே பரவலாகக் கையாண்டது. தமிழக அரசோ 1999-இல் 'டாம்', 'டாப்' என்று வேறு இரண்டைத் தரமாக அறிவித்தது. ஒன்று தமிழுக்கு மட்டும், மற்றது இருமொழிக்கு. இந்த மூன்றில் எது உசத்தி என்று அன்று நடந்த சண்டையின் உக்கிரத்தை இன்றைய நிரலாளரிடம் சொன்னால் சிரிப்பார். உண்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றுமே நெரிசலான ஒரே அறையில் நாற்காலியை வெவ்வேறு விதமாகப் போட்டுப் பார்த்தவைதான்.

புதிய வீடு அதற்கு எட்டு ஆண்டு முன்பே கட்டப்பட்டிருந்தது. 1991-இல் வந்த யூனிகோடு, உலகின் எழுத்து முறைகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கியது. தமிழுக்கு 128 மனைகள். ஆனால் வரைபடம் தமிழுக்காக வரையப்பட்டது இல்லை. இந்திய அரசின் 'இஸ்கி' தரத்தை அடியொற்றி, மற்ற இந்திய எழுத்து முறைகளுக்கும் தேவநாகரியின் வரிசையையே போட்டார்கள். அதனால் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று மனை இன்றும் காலி. இந்தியின் மற்ற மூன்று ககரங்களுக்கு நேரான இடங்கள் அவை. 'ன' தன் கடைசி இடத்தை விட்டு 'ந'வுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். கணினி தன் எண் வரிசைப்படி அகராதியை அடுக்கினால் தமிழாசிரியர் பிரம்பை எடுப்பார்.

கணக்கிலும் கோளாறு. 'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். யூனிகோடு ஐந்து என்னும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று தமிழறிஞர்களும் கணினியாளர்கள் சிலரும் வாதாடியது இதனால்தான். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த வாதம் தோற்றதில் தமிழுக்கு நஷ்டம் இல்லை. மூன்றா ஐந்தா என்பது நிரலாளர் தீர்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு. பத்துப் பத்திரிகைக்குப் பத்து ஃபான்ட் என்பது வாசகர் தீர்க்கக்கூடிய கணக்கு இல்லை.

யூனிகோடு வென்றது மாநாட்டுத் தீர்மானத்தால் இல்லை. விண்டோஸ் 2000-இல் மைக்ரோசாஃப்ட் 'லதா' என்ற தமிழ் எழுத்துருவைச் சேர்த்தே கொடுத்தது. எதையும் இறக்காமலே தமிழ் தெரிந்தது. கூகுளில் தமிழில் தேடினால் கிடைத்தது. பாமினியில் எழுதிய கட்டுரை என்னதான் அருமையாக இருந்தாலும், தேடுபொறிக்கு அது வெறும் ஜே கே பி ஓ. 2003 வாக்கில் வலைப்பதிவு எழுத வந்த இளைஞர்கள் யூனிகோடைப் பிடித்துக்கொண்டதும், அதே ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா முளைத்ததும் இதனால்தான்.

நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்த ஏராளமானோருக்கு யூனிகோடு கட்டங்கட்டமாகத் தெரிந்தது. அதிராம்பட்டினத்தின் உமர் தம்பி, பக்கத்தைத் திறந்ததும் தானே வந்து இறங்கும் 'தேனீ' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். தட்டச்சுக்கு 'தமிழா' குழுவின் இ-கலப்பை வந்தது. அதை வைத்துத் தமிழ் அடிக்கக் கற்றவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. பழைய குறியேற்றங்களை யூனிகோடாக மாற்றும் கருவிகளும் வந்தன. அவற்றில் ஒன்றான என்எச்எம் மாற்றியின் பட்டியலைப் பார்த்தால் தொல்லியல் அகழாய்வு அடுக்குபோல இருக்கும்: அஞ்சல், பாமினி, மயிலை, டாப், டாம், திஸ்கி, வானவில், தினமணி, பழைய விகடன்.

அரசு கடைசியாக வந்தது. 2010 ஜூன் 23, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், யூனிகோடே தரம் என்று ஆணை வெளியானது. யூனிகோடு ஓடாத இடத்துக்கு மட்டும், எல்லா எழுத்துக்கும் இடம் தரும் 'டேஸ்16' என்ற குறியேற்றம். ஆணைக்குப் பின்னும் அலுவலக மேசைகளில் வானவில் ஔவையார் எழுத்துரு லேசில் போய்விடவில்லை. அச்சகங்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. புதிதாக வந்த புத்தகத்தின் பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேடி, கண் முன்னால் அது இருந்தும் 'இல்லை' என்று பதில் வந்தால் காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில் அடித்த கோயில் மலர்களும் பள்ளி ஆண்டுவிழா மலர்களும் சங்கத்து அறிக்கைகளும் அப்பா எழுதிவைத்த குடும்பக் கதைகளும் பல வீடுகளில் பழைய சிடிக்களில் கிடக்கின்றன. சிடி படிக்கும் கருவிகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இந்த வாரமே எடுத்துத் திறந்து பாருங்கள். ஜே கே பி ஓ அரைப்புள்ளி என்று நின்றால், கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பிரதி எடுத்து ஒரு மாற்றியில் இட்டு, பாமினி என்று தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துங்கள்.