லோஃபர் யாரு? மதராஸில் ராத்திரி தங்க இடம் தேடியவர்கள்

இந்த எபிசோடை ஒரு வசவுச் சொல்லோட ஆரம்பிக்கிறேன். லோஃபர். நம்ம சினிமாவுல ஹீரோயினோட அப்பா ஹீரோவைப் பார்த்துச் சொல்ற வார்த்தை. ஆனா நூறு, நூத்தம்பது வருஷம் முன்னாடி, பிரிட்டிஷ் இந்தியாவோட ஆங்கிலப் பேச்சுல அது பெரும்பாலும் ஒரு வெள்ளைக்காரனைத்தான் குறிச்சது. வேலையும் வீடும் இல்லாம ஊர் ஊரா அலையற வெள்ளைக்காரன்.

கப்பலை விட்டு இறங்கின மாலுமி, பட்டாளத்துலேர்ந்து கழிச்சு விடப்பட்ட சிப்பாய், ரயில் பாதை போட வந்து வேலை முடிஞ்சதும் நடுத்தெருவுல நின்னவன். இவங்கள்ளாம் கடைவீதியில கை நீட்டினா அரசாங்கத்துக்குப் பெரிய சங்கடம். ஆள வந்த இனத்து ஆளு, ஆளப்படறவன்கிட்ட பிச்சை கேக்கலாமா? அதனால 1874-ல ஐரோப்பிய நாடோடிகள் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அப்படிப்பட்டவரை போலீஸ் பிடிச்சு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தலாம். ஒர்க்ஹவுஸ்ல தங்க வெச்சு சோறு போட்டு வேலை தேடித் தரலாம். கிடைக்கலேன்னா கப்பல் ஏத்தி அனுப்பிடலாம். கருணைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ஒரு விஷயம் கவனிங்க: 'வீடில்லாதவன்' அப்படிங்கற ஆளை அரசு கண்ணால பாத்துச்சு, அவனுக்குன்னு ஒரு கூரையையும் யோசிச்சுது.

சரி, நம்ம ஆளுங்களுக்கு?

நான் பனமலைப் பக்கத்துக்காரன். விழுப்புரம் மாவட்டம். ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீஸ்வரர் கோயிலையும் அங்க இருக்கற பார்வதி ஓவியத்தையும் உங்கள்ல சில பேர் போட்டோவுலயாவது பாத்திருப்பீங்க. 1,300 வருஷமா அந்தக் குன்று மேல கோயில் நிக்குது. கீழே, வானம் பார்த்த பூமி. அப்போ இது தென்னாற்காடு ஜில்லா. வேர்க்கடலைக்குப் பேர் போன ஜில்லா. ஆனா நிலம் ஒருத்தர்கிட்ட, உழைப்பு இன்னொருத்தர்கிட்ட. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கிச்சு. ஏறக்குறைய அதே காலத்துல திண்டிவனம், விழுப்புரம் வழியா ரயிலும் வந்துடுச்சு. மழை பொய்ச்சா மதராஸுக்குப் போக ஒரு வழி கிடைச்சுது. 1908-ல எழும்பூர் ஸ்டேஷன் திறந்தாச்சு. தெக்கேருந்து வர்றவனுக்குப் பட்டணத்தோட வாசல் அதுதான்.

வாசல் தாண்டினா எங்க படுக்கறது?

'சத்திரம் இருந்துச்சே' அப்படின்னு பெருமையா சொல்லுவோம். உண்மைதான். 1782-ல, ஹைதர் அலி போர்க் காலத்துப் பஞ்சத்துல, வடசென்னையில கஞ்சி ஊத்தின இடம்தான் மணியக்காரர் சத்திரம். இங்கிலீஷ்காரன் வாயில 'மோனிகர்' ஆயிடுச்சு. ஸ்டான்லியை இன்னிக்கும் வயசானவங்க 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னு சொல்றது அந்தக் கஞ்சியோட நினைவுதான். அப்புறம், சென்ட்ரலுக்கு எதிர்ல சவலை ராமசாமி முதலியார் கட்டின சத்திரம். பெரிய மனுஷர், பெரிய தருமம்.

ஆனா சத்திரத்தோட கணக்கு என்ன? அது வழிப்போக்கனுக்கு. காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போறவன் ரெண்டு மூணு நாள் தங்கி இளைப்பாறிட்டுக் கிளம்பணும். வேலை தேடி வந்தவனுக்குக் கிளம்பற தேதியே கிடையாதே! போதாக்குறைக்கு, பல சத்திரங்கள்ல இன்ன ஜாதிக்குச் சாப்பாடு, இன்ன ஜாதிக்குத் திண்ணை, இன்ன ஜாதிக்கு வாசல்லயே இடமில்ல.

இது படிக்காத கூலிக்கு மட்டும் நடந்ததில்ல. 1917-ல கொலம்பியாவுலயும் லண்டன்லயும் படிச்சுட்டு பரோடாவுல உத்தியோகத்துக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கல. ஒரு பார்சி விடுதியில பார்சிப் பேர்ல தங்கினார். சில நாள்லயே தடியோட ஒரு கூட்டம் வந்து வெளியேத்திச்சு. பம்பாய் ரயில் வர்ற வரைக்கும் ஒரு பூங்காவுல உக்காந்திருந்தார். அவருக்கே அந்த நிலைமைன்னா, விழுப்புரத்துல ரயில் ஏறின பண்ணையாளுக்கு?

இதே காலத்து லண்டனைப் பாருங்க. அங்க சொர்க்கம் ஒண்ணும் இல்ல. ஆனா 1892-ல ரௌட்டன் பிரபு வாக்ஸ்ஹால்ல ஒரு விடுதி திறந்தார். ஆறு பென்ஸ் கொடுத்தா ஒரு ராத்திரிக்குத் தனித் தடுப்பு, கட்டில், குளிக்க இடம். பக்தன், பிச்சைக்காரன்னு எந்தப் பேரும் வேணாம். கூலி வாங்கறவன், காசு கொடுக்கறான், படுக்கறான். மதராஸ்ல கூலிக்காரனுக்கு அந்த மரியாதை கிடைக்கல. 1901-ல 5,09,346 பேர் இருந்த பட்டணம் 1931-ல 6,47,230 ஆச்சு. வந்தவன் தானாத்தான் இடம் பாத்துக்கிட்டான். கொத்தவால் சாவடியில தள்ளுவண்டி மேல, துறைமுகத்துப் பக்கம், யாரோ வீட்டுத் திண்ணையில, கூவத்தோரக் குடிசையில. கைரிக்‌ஷா இழுத்தவனுக்கு வண்டியே கட்டில். அந்தக் கைரிக்‌ஷா 1973 வரைக்கும் இந்த ஊர்ல ஓடிச்சு.

கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டவங்களும் இருந்தாங்க. 1924-ல சென்னை சட்டசபையில இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, கிணறு, பொது இடம் எதுவா இருந்தாலும் ஒடுக்கப்பட்டவங்களுக்கும் உரிமை உண்டுன்னு. தீர்மானம் நிறைவேறிச்சு. காகிதத்துல திறந்த கதவு நிஜத்துல எவ்வளவு திறந்துச்சுன்னு நீங்க வாடகைக்கு வீடு தேடும்போது தெரிஞ்சிருக்கும். 'நீங்க என்ன ஆளுங்க?' கேள்வி இன்னும் அட்வான்ஸுக்கு முன்னாடியே வந்துடுது.

கடைசியா, தெருவுல கிடந்த நம்ம ஆளையும் அரசு கண்ணால பாத்துச்சு. எப்போ தெரியுமா? 1945-ல. சென்னை பிச்சையெடுத்தல் தடைச் சட்டம். வெள்ளைக்காரனுக்கு எழுபத்தோரு வருஷம் முன்னாடி போட்ட சட்டத்துல வேலை தேடித் தர ஒரு வழி இருந்துச்சு, ஊருக்கு அனுப்ப டிக்கெட்டும் இருந்துச்சு. இவனுக்கு வந்த சட்டம் முதல்ல பாத்தது குற்றத்தை. லோஃபர்ங்கற சொல் எப்போ நிறம் மாறிச்சுங்கறதை யோசிச்சுக்கிட்டே இருங்க, அடுத்த வாரம் திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்குப் போவோம்.