நெடுங்கால வால்வெள்ளிகளின் தோற்றம்: ஒரு கருத்தின் வரலாறு

வால்வெள்ளி தீநிமித்தமாகக் கொள்ளப்பட்ட காலம் நெடியது. அந்நம்பிக்கை தகர்ந்தமையை, அறிவு மூடநம்பிக்கையை வென்ற கதையாக ஒரு வாக்கியத்திற் கூறி அமைவது வழக்கமாகிவிட்டது. ஆயின் அச்சம் நீங்கிய பின்னரும், அவை எங்கிருந்து வருகின்றன என்னும் வினா இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தீராது நின்றது. அவ்வினா விடைபெற்ற முறையை நாம் ஈண்டு நோக்குவோம்.

1680ஆம் ஆண்டில் தோன்றிய வால்வெள்ளியின் பாதை ஏறத்தாழப் பரவளைவு என நியூற்றன் 1687இல் காட்டினார். 1705இல் ஹலி 24 வால்வெள்ளிகளின் ஒழுக்குகளைக் கணித்து, 1682இற் கண்டது 1758இல் மீளும் என்றார்; அவ்வாறே மீண்டது. ஆனால் 1680ஆம் ஆண்டு வால்வெள்ளிக்கும் பழைய நாளாகமக் குறிப்புகளைக் கொண்டு 575 ஆண்டுச் சுற்றுக்காலம் கூறப்பட்டது. இன்றைய கணிப்பின்படி அது பல ஆயிரம் ஆண்டுகளாகும். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுற்றுக்காலமுடையவற்றையே நெடுங்கால வால்வெள்ளிகள் என்பர். இவற்றுட் பெரும்பாலானவற்றை மனிதகுலம் ஒரு முறையே கண்டுள்ளது. ஆவணங்களுக்கு அப்பாற்பட்ட வரலாற்றை எவ்வாறு எழுதுவது என்பதே இங்கு எழும் பிரச்சினையாகும்.

இவை விண்மீன்களுக்கிடையிலிருந்து வந்த அந்நியப் பொருள்கள் என லப்பிளாசு கருதினார். கோள்களின் வெடிப்பிற் பிறந்தவை என்றார் லக்கிராஞ்சு. சில வால்வெள்ளிகளின் பாதை சிறிதளவு அதிபரவளைவாகக் காணப்பட்டமை முதற்கருத்துக்கு அரணாயிற்று. ஏனெனில், அத்தகைய பாதை ஞாயிற்றுக்குக் கட்டுப்பட்டதன்று. ஆனால் நாம் காணும் பாதை வியாழன், சனி ஆகிய கோள்களின் ஈர்ப்பினால் ஏற்கெனவே மாற்றப்பட்ட ஒன்று. கோப்பன்ஹேகனில் ஸ்ட்ரோம்கிறன் 1914இல் அம்மாற்றத்தைக் கழித்துப் பின்னோக்கிக் கணித்தபோது, ஐயத்திற்குரிய அதிபரவளைவுகள் நீள்வளையங்களாயின. 'அந்நியர்' எனப்பட்டவை ஞாயிற்றுத் தொகுதியின் உறுப்புகளென்பது இவ்வாறு தெளிவாயிற்று.

எஸ்தோனியரான ஏபிக், தொலைதூர வால்வெள்ளித் திரள் ஒன்று இருத்தல் கூடுமென 1932இல் ஆராய்ந்தார். லெய்டனில் வான் வூர்க்கொம் 1948இற் செய்த கணிப்புகளைத் தொடர்ந்து, யான் ஊர்ட் 1950இல் 19 வால்வெள்ளிகளின் மூல ஒழுக்குகளை ஒப்புநோக்கினார். அவற்றுட் பலவற்றின் அரைப் பேரச்சு 20,000 வானியல் அலகுகளுக்கு மேற்பட்டிருந்தது. ஓர் அலகு ஞாயிற்றுக்கும் புவிக்குமிடைத் தூரம். ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர். அவ்வளவினதான ஒழுக்கை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 28 இலட்சம் ஆண்டுகள் செல்லும். கோள்களிடையே ஒருமுறை புகுந்து மீள்வதே இத்தகைய ஒழுக்கைக் குலைக்கப் போதுமாகலின், இவை முதன்முறையாக வருபவை என அவர் முடிவுசெய்தார். எத்திசையிலிருந்தும் அவை வருதலின், அவற்றின் இருப்பிடம் கோளவடிவினது என்பதும் பெறப்பட்டது. அதுவே 'ஊர்ட் முகில்' எனப்படுகிறது.

பெயர் ஒருவருடையது, உழைப்போ பலருடையது. பல நாட்டு அவதானிகள் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்த நிலைகளும், கணிப்பாளர் இயற்றிய நீண்ட கணக்குகளும் இன்றேல் அந்தப் 19 ஒழுக்குகள் இல்லை. அறிவு சமூக உழைப்பின் விளைவென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் பிறப்பிடம் குறித்த வினா எஞ்சியது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிற் சிதைந்த கோள் ஒன்றே மூலமாகலாம் என ஊர்ட் கருதினார். பனிக்கட்டி மிகுந்த இப்பொருள்கள் குளிர்ந்த புறப்பகுதியிலேயே உருவாகியிருத்தல் வேண்டுமெனக் கைப்பர் 1951இல் வாதிட்டார். ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருங்கோள்கள் உருவான பகுதியில் எஞ்சிய பொருள்கள், அக்கோள்களின் ஈர்ப்பினாலேயே புறத்தே எறியப்பட்டன என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படுவது. அவற்றை மீளவும் உள்ளே செலுத்துவதில், கடந்துசெல்லும் விண்மீன்களோடு பால்வீதியின் ஈர்ப்புக்கும் பெரும்பங்குண்டென 1980களின் ஆய்வுகள் காட்டின. அகக் காரணமும் புறநிலைமையும் ஒன்றிச் செயற்படுவதை இங்கு காண்கிறோம்.

அம்முகிலை எவரும் நேரிற் கண்டதில்லை. அது கணிப்பிலிருந்து பெறப்பட்ட முடிவேயாகும். எனினும் 2019இல் கண்டறியப்பட்ட பொரிசோவ் வால்வெள்ளி, உண்மையான புறத்தார் எத்தகையர் என்பதைக் காட்டியது. பரவளைவின் மையவகற்சி 1. அதனுடையதோ 3இற்கும் மேல். முன்னர் வாதத்திற்கிடமான வால்வெள்ளிகள் 1ஐச் சற்றே கடந்திருந்தவை.

கிடைத்த வடிவையே மூலவடிவாகக் கொள்வோர் பிழைபடுவர். இடையில் நேர்ந்த மாற்றங்களைக் கணக்கிட்டுக் கழித்த பின்னரே தோற்றம் பற்றிப் பேசுதல் தகும். ஏடெழுதினோர் கைபட்ட நூல்களை ஆராயும் நமக்கும் இம்முறை புறம்பானதன்று.