டெடி பியர் என்றொரு ரயில் எஞ்சின்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா என்னை இங்கிலாந்தில் ஒரு பழைய ரயில் பாதைக்குக் கூட்டிப்போனார். நீராவி எஞ்சின் பார்க்கத்தான் போனோம். ஆனால் அன்று பெட்டிகளை இழுத்து வந்தது ஒரு குட்டி டீசல் எஞ்சின். நடுவில் ஓட்டுநர் அறை, இரண்டு பக்கமும் தாழ்வான மூக்கு, ஆறு சக்கரங்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே வேலை செய்த ஒரு தாத்தா, “இதன் பெயர் டெடி பியர்” என்றார். அழுகை நின்றது.

அதிகாரப்பூர்வப் பெயர் ‘கிளாஸ் 14’. ஸ்விண்டன் நகரத் தொழிற்சாலையில் செய்தது. அதே இடத்தில் 1908இல் ‘தி கிரேட் பியர்’ என்ற மிகப் பெரிய நீராவி எஞ்சினைக் கட்டியிருந்தார்கள். பெரிய கரடிக்குப் பிறகு குட்டிக் கரடி! அங்கே யாரோ விளையாட்டாகச் சொன்ன பெயர்தான் ஒட்டிக்கொண்டதாம்.

இது ‘டீசல் ஹைட்ராலிக்’ வகை. பயந்துவிடாதீர்கள், சுலபம்தான். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுற்றும், இல்லையா? இந்த எஞ்சினில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய். டீசல் எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்றி எண்ணெயை வீசியடிக்கும். அந்த வேகத்தில் எதிரே உள்ள சக்கரம் சுழலும். அந்தச் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாக ரயில் சக்கரங்களுக்குப் போகும். பிரிட்டனின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் மின்மோட்டார் வைத்த டீசல் எஞ்சின்களையே வாங்கின. மேற்குப் பகுதி மட்டும் ஜெர்மனியைப் பார்த்து இந்த எண்ணெய் வழியைப் பிடித்துக்கொண்டது.

டெடி பியருக்கு 650 குதிரைச்சக்தி. வேகம் மணிக்கு 40 மைல்தான். சின்னச் சின்ன நிலையங்களில் ஒன்றிரண்டு சரக்குப் பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டு வருவதுதான் அதன் வேலை.

அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சரக்கெல்லாம் ஏற்கெனவே லாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. நஷ்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளை மூடச் சொல்லி ரிச்சர்ட் பீச்சிங் அறிக்கை கொடுத்தது 1963இல். முதல் டெடி பியர் வெளியே வந்ததோ 1964இல்! அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை, 56 எஞ்சின்கள் செய்தார்கள். கடைசி எஞ்சின் 1965 அக்டோபரில் முடிந்தது. பிரிட்டிஷ் ரயில்வேக்காக ஸ்விண்டன் கட்டிய கடைசி எஞ்சினும் அதுதான். 1969க்குள் 56 எஞ்சின்களையும் சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் சைக்கிள்கூட அதைவிட அதிக நாள் உழைத்திருக்கும்.

எஞ்சின்மேல் பெரிய குற்றமில்லை, வேலைதான் இல்லை. அதனால் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் அவற்றை வாங்கிக்கொண்டன. கோர்பி என்ற இரும்பு ஊருக்கு மட்டும் 23 போயின. ரயில்வேயில் ஓடியதைவிட அங்கே பல ஆண்டுகள் அதிகமாகவே ஓடின. பிறகு ரயில் ஆர்வலர்கள் 19 எஞ்சின்களைக் காப்பாற்றினார்கள்.

அன்று நாங்கள் பார்த்த எஞ்சினின் எண்ணை அப்பா டிக்கெட்டின் பின்னால் எழுதி வைத்தார். மழையில் நனைந்து கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்துபோயின. மிச்சம் இருப்பது ‘டி 95’. அந்த 56 எஞ்சின்களின் எண்ணும் அப்படித்தான் தொடங்கும். நான் பார்த்தது எது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.