ஸ்பொக் என்னும் பாத்திரத்தின் அகவுலகம்

உணர்ச்சி உள்ளத்தில் எழுவது. மெய்ப்பாடு உடலில் தோன்றுவது. ஒருவர் அகத்தில் எழுந்ததை மற்றவர் அறிவது கண்ணீராலும் நகையாலும் மெய்ந்நடுக்கத்தாலுமே. ஆதலாற்றான் தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்து, அவற்றுக்கென ஓர் இயலையே அமைத்தார். அவ்வெட்டினுள் ஒன்றையேனும் தன் முகத்தில் ஏறவிடாத ஒருவனை நாடகமொன்றில் நிறுத்தினால், அவன் உள்ளத்தைக் காண்போர் எவ்வாறு அறிவர்? இவ்வினாவுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியிலே, 1966ஆம் ஆண்டிலே, ஒரு விடை கிடைத்தது.

அவ்வாண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி என். பி. சி. நிறுவனம் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. என்டர்பிறைஸ் என்னும் விண்கலம் அண்டவெளியிற் சஞ்சரிப்பதே கதை. கலத்தின் தலைவன் கேர்க். அவனுக்கு அடுத்த நிலையில் உள்ள விஞ்ஞான அதிகாரி ஸ்பொக். ஸ்பொக்கின் தந்தை வல்கன் என்னும் கிரகத்தவர். தாய் பூவுலகப் பெண். வல்கன் மக்கள் உணர்ச்சியற்றவர் அல்லர். முற்காலத்தில் தம் கொடிய வெறியினால் அழிவின் விளிம்புவரை சென்று, பின்னர் தருக்கத்தையே வாழ்நெறியாகக் கொண்டு, உணர்ச்சியை அடக்கப் பழகியவர்கள். அடக்கப்பட்டது வேறு, இல்லாதது வேறு. இதனை மறந்து பார்ப்போருக்கு ஸ்பொக் ஓர் எந்திரமாகவே தோன்றுவான்.

இப்பாத்திரம் முதலிலேயே இவ்வாறு திட்டமிடப்பட்டதன்று. தொடரைப் படைத்த ஜீன் ரொடன்பெரி 1964இல் எடுக்கத் தொடங்கிய முதல் மாதிரிப் படத்தில் ஸ்பொக் வாய்விட்டுக் கத்துகிறான். இசை எழுப்பும் இலைகளைக் கண்டு முறுவலிக்கவுஞ் செய்கிறான்! அப்படத்திலே சலனமின்றி நின்றவள் கலத்தின் இரண்டாம் நிலை அதிகாரியான ஒரு பெண். அறிவுக்கு அளவு மீறி வேலை கொடுக்கும் படம் என நிறுவனம் அதனை ஒதுக்கிற்று. 1965இல் எடுக்கப்பட்ட இரண்டாம் மாதிரிப் படத்தில் அப்பெண் இல்லை. அவளுடைய அமைதி ஸ்பொக்குக்கு வந்து சேர்ந்தது. அப்போதும் நிறுவனத்தாரின் ஐயம் தீரவில்லை. கூரிய காதும் மேலேறிய புருவமும் சாத்தானை நினைவூட்டுமென அஞ்சி, விளம்பரக் கையேட்டுப் படங்களில் அவற்றை மனிதருடையனபோல் மாற்றித் தீட்டினர்.

பாத்திரத்தை ஏற்றவர் லெனாட் நிமோய். உக்ரேனிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1931இல் பொஸ்டன் நகரிற் பிறந்தவர். தந்தை சிகை திருத்துவோர். அடங்கிய ஒருவனை எவ்வாறு நடிப்பது என்பது தொடக்கத்தில் அவருக்கே தெளிவாகவில்லை. ஆரம்பகாலப் படப்பிடிப்பொன்றில், விண்கலத்தின் முன்னே அச்சந்தரும் பொருளொன்று தோன்ற, யாவரும் பதற்றத்துடன் நடித்துக்கொண்டிருந்தனர். இயக்குநர் ஜோசப் சார்ஜன்ற் நிமோயிடம், 'நீர் மாறுபட்டு நில்லும். விஞ்ஞானியாக வியந்து நோக்கும்' என்னும் கருத்துப்படச் சொன்னார். அவ்விடத்திற் பேசவேண்டியிருந்தது ஒரேயொரு வியப்புச் சொல். அதனை நிமோய் அமைதியாகக் கூறினார். ஸ்பொக் தமக்குக் கிடைத்தது அக்கணத்திலேதான் எனப் பின்னாளில் அவர் எழுதியிருக்கிறார். அதன்பின் ஒரு புருவம் ஒரு நூலளவு உயர்வதே பிற நடிகரின் நீண்ட வசனத்துக்கு ஈடாயிற்று.

உட்கதவு முதன்முதலாகத் திறந்தது 1966 செப்டெம்பர் 29இல் ஒளிபரப்பான கதையிலே. மனக்கட்டுப்பாட்டைக் கரைக்கும் தொற்றுநோய் ஒன்று கலமெங்கும் பரவுகிறது. எழுதப்பட்ட கதையின்படி, நோயுற்ற ஒருவன் நடைகூடத்தில் ஸ்பொக்கின் முகத்தில் மீசை வரைந்துவிட, அவன் அங்கேயே அழுதுவிடவேண்டும். நிமோய் இதற்கு இசையவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பினன் அழவேண்டி நேர்ந்தால் பலர் காண அழான். மறைவிடம் தேடி ஓடுவான் என வாதாடினார். அவர் கேட்டவாறே காட்சி மாற்றப்பட்டது. ஸ்பொக் ஆளில்லாத அறையொன்றினுட் புகுகிறான், கதவு மூடுகிறது, எண்களை வாய்விட்டுக் கூறித் தன்னை நிலைநிறுத்த முயல்கிறான், முடியவில்லை. நேரம் நெருக்கியமையால் ஒரே எடுப்பிற் படமாக்கப்பட்ட காட்சி அது. பின்னர் அங்கு வந்த கேர்க்கிடம் அவன் சொல்வது, தன் தாயிடம் அன்புண்டு என்பதைத் தான் ஒருநாளும் கூறியதில்லை என்பதே. நட்பினை உணரும்போதும் தனக்கு நாணமே உண்டாகிறது என்கிறான். அக்கதைக்குப் பின் நிமோய்க்கு வந்த கடிதங்கள் பெருகின.

ஸ்பொக்கின் குடும்பத்தை நமக்குக் காட்டியவர் டொரதி பொன்டானா என்னும் எழுத்தாளர். இவர் எழுதி 1967 மார்ச்சில் வெளியான கதையொன்றில், ஒருவகைத் தாவரத்தின் வித்துத் துகள்கள் ஸ்பொக்கின் கட்டுகளை அவிழ்க்க, அவன் காதலிக்கிறான், மரத்தில் தொங்கிச் சிரிக்கிறான். அஃது வேறொரு பாத்திரத்துக்கென எண்ணப்பட்ட காதற்கதை. ஸ்பொக்குக்கு மாற்றியபின்னரே அதற்கு உயிர் வந்தது. தெளிவு மீண்டபின், தன் வாழ்நாளில் முதன்முறையாக மகிழ்ந்திருந்ததாக அவன் ஒரே வாக்கியத்திற் கூறி முடிக்கிறான்.

அவ்வாண்டு நவம்பர் 17இல் வெளியான பொன்டானாவின் மற்றொரு கதையில் பெற்றோரே கலத்துக்கு வருகின்றனர். தந்தை சரெக், தாய் அமண்டா. தான் விரும்பிய கழகத்தை விட்டு விண்படையிற் சேர்ந்தமையால், சரெக் பதினெட்டு ஆண்டுகளாக மகனுடன் தந்தையாகப் பேசியதில்லை. தந்தைக்கு மகனின் குருதி வேண்டியிருக்கிறது. தலைவன் காயமுற்றிருக்கையில் கடமையை விட்டு வர ஸ்பொக் மறுக்கிறான். தாய் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியேறுகிறாள். மூடிய கதவின்மேல் அவன் தன் உள்ளங்கையை வைக்கிறான். சொல் ஒன்றுமில்லை. தொடர் முழுவதிலும் இதனினும் ஆழமான காட்சி உண்டென நான் கருதவில்லை. (மூன்றாம் ஆண்டில் அவன் மூளையையே களவாடும் கதையொன்றும் வந்தது, அதனைப் பற்றிப் பேசாமலிருப்பதே நன்று.)

இக்குடும்பம் திரையில் தோன்றிய காலத்தை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணம் புரிவதைத் தடுத்த சட்டங்கள் செல்லா என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967 ஜூன் 12இல். அன்றுவரை 16 மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் நிலவின. ஐந்து மாதங்களின் பின்னரே சரெக்கும் அமண்டாவும் திரைக்கு வந்தனர். 1968இல் ஓர் இளைஞர் சஞ்சிகை வழியாக ஒரு சிறுமி ஸ்பொக்குக்கே கடிதம் எழுதினாள். தாய் கறுப்பர், தந்தை வெள்ளையர்; தன்னைத் தம்மவளென ஏற்க இருபாலாரும் மறுக்கின்றனர், தனக்கு நண்பரே வாய்க்கமாட்டார் என்பது அவள் துயரம். நிமோய் அதே சஞ்சிகையில் நீண்டதொரு மறுமொழி வரைந்தார். வல்கன் சிறுவர்கள் ஸ்பொக்கையும் ஒதுக்கினார்கள் என்றும், பிறர் விருப்பத்துக்காக ஏங்குவதை விடுத்துத் தன் தகுதியை வளர்ப்பதென அவன் துணிந்தான் என்றும் அவளுக்கு எடுத்துரைத்தார். கற்பனைப் பாத்திரம் ஒன்றிடம் தன் மெய்யான துயரத்தைக் கூறலாமென ஒரு சிறுமி எண்ணியதற்குக் காரணம், அவன் முகத்தின் பின்னால் தன்னைப்போன்ற ஒருவர் இருப்பதை அவள் கண்டுகொண்டமையே.

தொடர் 1969இல் நின்றது. தந்தை மகன் கதை அப்போது முடியவில்லை. பின்வந்த தொடரொன்றில், 1990இல், முதிய சரெக் நோயினால் உணர்ச்சியடக்கம் குலைந்த நிலையில், பிக்காட் என்னும் கலத்தலைவனுடன் தன் மனத்தைப் பிணைத்துக்கொள்கிறார். வல்கன் மக்கள் ஒருவர் மனத்தை மற்றவர் அறியும் வழி அது. மகன்பால் அவர் கொண்டிருந்து கூறமாட்டாத அன்பு பிக்காட்டின் உள்ளத்திற் பதிகிறது. 1991 நவம்பரில், ரொடன்பெரி மறைந்த சில கிழமைகளின் பின் வெளியான கதையில், தந்தை இறந்த செய்தியைப் பிக்காட் ஸ்பொக்குக்குக் கொண்டுவருகிறான். தானும் தந்தையும் ஒருநாளும் மனம் பிணைத்துக்கொண்டதில்லை என்கிறான் ஸ்பொக். தந்தை தன்னிடம் விட்டுச்சென்றதைத் தொட்டறியுமாறு பிக்காட் அழைக்கிறான். முதுமையடைந்த ஸ்பொக் தன் விரல்களை மெல்ல உயர்த்தி, அந்நியன் ஒருவனின் முகத்தில் வைத்துக் கண்களை மூடிக்கொள்கிறான்.